அருவி இல்லாத வடக்கு: நிலாவரையிலிருந்து ஒரு நாள் சுற்று

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் விடுமுறைப் படங்களில் அண்மைக் காலமாக ஐஸ்லாந்து அடிக்கடி வருகிறது. நோர்வேயிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களுக்கு அது எட்டக்கூடிய தூரம். அந்தத் தீவைச் சுற்றி 1,300 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரே ஒரு வட்ட வீதி ஓடுகிறது. 1974இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. வாடகைக்கு ஒரு வாகனம் எடுத்து அந்த வீதியைச் சுற்றினால் எரிமலை, பனிமலை, கொதிநீர் ஊற்று, அருவி என்று ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்று வரும். படங்களுக்குக் கீழே ஊரிலிருந்து போகும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "உங்களுக்கென்ன, இஞ்சை ஒரு ஆறாவது இருக்கே?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் சுற்று ஒன்று போனேன். புத்தூரில் தொடங்கி, நீர்வேலி, சுன்னாகம், கீரிமலை, காங்கேசன்துறை, தொண்டைமானாறு என்று சுற்றி மறுபடி புத்தூர். ஏறக்குறைய 60 கிலோமீற்றர். வழியில் ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. ஆனால் ஐஸ்லாந்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு என்ன நடக்கிறதோ, அதுவே எங்கள் வீதிக்குக் கீழேயும் நடக்கிறது. அதை நாங்கள் காண்பதில்லை. காணாததைக் காப்பதும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மழை எங்கே போகிறது?

அருவி உண்டாக இரண்டு விடயங்கள் வேண்டும். தண்ணீர் உயரத்தில் இருக்க வேண்டும். அது ஓடும் பாறை அதை உள்ளே விடாததாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே இரண்டு நிலத்தட்டுகள் பிரியும் கோட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தட்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் விலகுகின்றன. விலகும் வெடிப்பால் உருகிய பாறை மேலே வந்து மலையாகிறது. மலையின் தலையில் பனி உறைகிறது. உருகும் பனி பாறை விளிம்புகளால் குதிக்கிறது.

இலங்கையில் எரிமலை இல்லை. ஆனால் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய, இறுகிய பாறை. மலையகத்தில் பெய்யும் மழை அந்தப் பாறைக்குள் எளிதில் இறங்காமல் மேலாலேயே ஓடி விழுகிறது. 263 மீற்றர் உயரமான பம்பரகந்த அருவி அப்படி வந்ததுதான்.

யாழ்ப்பாணக் குடாநாடு வேறு கதை. இது கடலுக்கடியில் உருவான நிலம். மயோசீன் காலம் என்று சொல்லப்படும், ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. சுண்ணக்கல்லுக்கு அந்த மெல்லிய அமிலமே போதும். முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு விரல் அளவு துளை, காலப்போக்கில் ஆள் நுழையும் குகை. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது, அப்படிக் கரைந்து வந்த கல்தான்.

ஆகவே குடாநாட்டில் விழும் மழை ஓடுவதில்லை, இறங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை பெய்யும் பெருமழையில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி கடலுக்கும் கடல்நீரேரிக்கும் போகிறது. மிச்சம் எங்கள் காலுக்குக் கீழே விழுகிறது.

அடி இல்லாக் கிணறு

அப்படி விழுந்த தண்ணீரைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் புத்தூரை ஒட்டிய நவக்கிரியில் உள்ள நிலாவரை. பெயரில் கிணறு என்றாலும் அது ஆள் வெட்டிய கிணறு அல்ல. கீழே இருந்த குகையின் கூரை என்றோ இடிந்து விழுந்து, உள்ளே இருந்த நீர் வெளியே தெரிகிறது. ஆபத்தில்லாமல் பார்க்கும்படி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். இராமர் தாகம் தீர்க்க அம்பு ஊன்றிய இடம் என்பது ஊர்க்கதை.

அடியே இல்லை என்பது இன்னொரு கதை. அளந்தவர்களுக்கு அடி கிடைத்திருக்கிறது: 150 அடிக்கும் மேல். ஆனால் அந்தக் கதையில் ஒரு நியாயம் உண்டு. நிலாவரையின் பக்கச் சுவர்களில் நீருக்கடியில் வழிகள் பிரிந்து போகின்றன. அதை ஒரு பாத்திரமாக நினைத்தால் அடி உண்டு. ஒரு சந்தியாக நினைத்தால் அடி என்ற சொல்லுக்கே பொருள் குறைவு.

இதை விட முக்கியமானது, நிலாவரையின் மேல் நீர் நன்னீர், கீழ் நீர் உவர். ஒரே குழிக்குள் இரண்டு தண்ணீர். ஒரு காலத்தில் இங்கே இயந்திரம் வைத்து இறைத்து, வாய்க்கால் வழியே அயல் தோட்டங்களுக்கு நீர் விட்டார்கள். அளவோடு இறைத்தால் மேல் நீர் வரும். அளவு மீறினால் கீழ் நீர் ஏறும்.

நிலாவரை அண்மையில் பெரிய செய்தியானது தண்ணீருக்காக அல்ல. 2021 ஜனவரியில் தொல்லியல் திணைக்களம் கிணற்றின் அருகே அகழ்வைத் தொடங்கியபோது, இது விகாரை ஒன்றுக்கு முன்னேற்பாடோ என்ற அச்சத்தில் ஊரவரும் மக்கள் பிரதிநிதிகளும் கூடி எதிர்த்தார்கள். அந்த அச்சத்துக்கு இந்த மண்ணில் போதிய காரணம் இருக்கிறது. ஆனால் நிலாவரை யாருடையது என்று கேட்கக் கூடிய அளவுக்கு, நிலாவரையின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்க நாங்கள் கூடியதில்லை.

எலுமிச்சம்பழமும் சாயமும்

புத்தூரில் வளர்ந்த எவரும் கேட்டிருக்கும் கதை, நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்பது. இரண்டு இடங்களுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். சிறுவயதில் நம்பினோம், பிறகு சிரித்தோம்.

நம்புவதற்கு எலுமிச்சம்பழம் தடையாக இருக்கிறது. அது மிதக்கும் பொருள். வழிகளோ நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. ஆனால் கதைக்குள் இருக்கும் யோசனை பிழையில்லை: ஓரிடத்தில் ஒன்றைப் போடு, வேறிடத்தில் வருகிறதா என்று பார். இதே பரிசோதனையைத்தான் 1877இல் ஜேர்மனியில் செய்தார்கள். தன்யூப் ஆறு அங்கே ஓரிடத்தில் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போகும். அதற்குள் 10 கிலோ ஒளிரும் பச்சைச் சாயத்தைக் கரைத்து விட்டார்கள். ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஆக் ஊற்றில் 60 மணித்தியாலத்தில் தண்ணீர் பச்சையாக வந்தது. இரண்டரை நாள்தான்.

இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஐஸ்லாந்துக்கு ஒருமுறை போய்வருவோம். அங்கே சில்ஃப்ரா என்ற நீர்நிறைந்த பிளவு ஒன்று இருக்கிறது. உலகின் மிகத் தெளிந்த நீர்களில் ஒன்று என்று சுழியோடிகள் தேடிப் போகும் இடம். தொலைவில் உள்ள பனிப்படலத்தில் உருகிய நீர் எரிமலைப் பாறையின் நுண்துளைகளுக்குள்ளால் கசிந்து அங்கே வர 30 முதல் 100 ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அத்தனை ஆண்டும் அது வடிகட்டப்படுகிறது.

சுண்ணக்கல்லில் அந்த வடிகட்டல் சொற்பம். நுண்துளையால் கசியும் நீரும் உண்டு. ஆனால் துளையும் வெடிப்பும் உள்ள இடத்தில் தண்ணீர் வடிகட்டப்படாமல் ஓடும். மேலே கொட்டியது நாட்களில் கீழே போய்ச் சேரும். அங்கே நூறாண்டு பொறுக்கும் நிலம், இங்கே ஒரு மாரிகூடப் பொறுக்காது.

ஒன்றுக்கு நாற்பது

குடாநாட்டின் நன்னீர் ஒரு நிலத்தடி ஏரி அல்ல. அது கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. நடுவில் தடிப்பு, கரையோரம் மெலிவு. கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. அதனால் நன்னீர் மேலே நிற்கிறது. வலிகாமத்தில் ஒன்று, தென்மராட்சியில் ஒன்று, வடமராட்சியில் ஒன்று, தீவகத்தில் ஒன்று என்று இப்படி நான்கு நீர்ப்படுகைகள் உண்டு.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரண்டு ஐரோப்பியர் தனித்தனியே கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். நடைமுறையில் பாறைக்குப் பாறை இது கூடிக் குறையும். ஆனால் கணக்கின் மறுபக்கம் எங்களுக்கு முக்கியமானது: இறைத்து இறைத்து நீர்மட்டம் 1 அடி குறைந்து அப்படியே நின்றால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும்.

துலா காலத்தில் இது நடப்பது கடினம். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் என்று மூன்று பேர் விடியப்புறம் தொடங்கினாலும் இறைக்கக்கூடிய நீருக்கு ஒரு எல்லை இருந்தது. மனித உடம்பின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இயந்திரம் வந்ததும் அந்தக் காவல் போனது. பிறகு போர் வந்தது. 1990க்குப் பின் மண்ணெண்ணெய்க்கும் யூரியாவுக்கும் தடை. சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தடை மக்களைப் பசியில் வாட்டியது. அதை யாரும் நல்ல காலம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது நீங்கியபோது, எவ்வளவு இறைக்கலாம் என்ற பழைய அளவும் எங்களிடம் இருக்கவில்லை. இப்போது மின்மோட்டார், பட்டனை அழுத்தினால் போதும். கிணறு போதாத இடத்தில் குழாய்க்கிணறு துளைக்கிறார்கள். ஆழமாகப் போனால் அதிக நீர் என்பது மலையகப் பாறைக்குப் பொருந்தலாம். இங்கே ஆழமாகப் போனால் கடல்.

நீர்வேலித் தோட்டங்கள்

புத்தூரிலிருந்து நீர்வேலி, உரும்பிராய் வரை செம்மண். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை. நீர்வேலி வாழைக்குலைக்கு அறிமுகம் தேவையில்லை. 1995 ஒக்டோபரில் சூரியக்கதிர் நடவடிக்கை தொடங்கியபோது புத்தூரும் நீர்வேலியும் அதன் பாதையில் இருந்தன. அந்த மாத இறுதியில் வலிகாமமே மழைக்குள் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அது சரியாக நினைவு தெரியாத வயது. ஆனால் அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்கூரையைப் பார்க்கும் முன் கிணற்றைப் பார்த்தார்கள் என்றும், இறைத்துத் துப்புரவாக்கிய பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள் என்றும் அம்மா சொல்லுவார். ஊர் என்பது இங்கே கிணற்றைச் சுற்றித்தான் மறுபடி தொடங்கியது.

அந்தக் கிணறுகளில் இன்றைய கவலை நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத் தோட்டப் பகுதிகளில் பல்கலைக்கழகங்களும் அரச நிறுவனங்களும் செய்த ஆய்வுகள் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. மூலம் இரண்டு: பயிர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சும் யூரியா, அடி மூடாத மலசலகூடக் குழி. இரண்டும் மழையோடு கீழே போகின்றன.

நைத்திரேற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடும். இது அதிகம் தாக்குவது ஆறு மாதத்துக்குக் குறைந்த, மாப்பால் குடிக்கும் குழந்தைகளை. இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

வழியில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம், கிணற்று நீரைப் பரிசோதித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "பரிசோதிச்சு கூடாதெண்டு வந்தால் பிறகு எங்கை தம்பி தண்ணிக்குப் போறது?" என்றார். அவருடைய கேள்விக்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை. பரிசோதனை செய்யச் சொல்லும் எவரும் அந்த இரண்டாவது கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

சுன்னாகம்

நிலத்தடி எப்படி ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைத்து வைத்திருக்கிறது என்பதைக் குடாநாடு கசப்பாகக் கற்ற இடம் சுன்னாகம். அங்குள்ள அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. ஒரு வளவில் தொடங்கியது வேலிகளையும் பிரதேச சபை எல்லைகளையும் பார்க்காமல் பரவியது. மாணவரும் வைத்தியர்களும் பொதுமக்களும் வீதிக்கு வந்தார்கள். பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற வீடுகளில் போரின்போதும் முகாமிலும் வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள்.

விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மின் நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. மாசாக்கியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் ஒரு சுன்னாகத்துக் கிணற்றின் பெயரால் வலியுறுத்தப்பட்டது. ஆனால் நட்டஈட்டைப் பகிரலாம், நீர்ப்படுகையைக் கழுவ முடியாது. ஆற்றில் எண்ணெய் கொட்டினால் அடுத்த வெள்ளம் கொண்டுபோகும். கல்லின் துளைக்குள் போனதை எடுக்க வழி இல்லை. காலம்தான் அதைக் கரைக்க வேண்டும்.

கீரிமலை

ஐஸ்லாந்தில் ஹ்ரொய்ன்ஃபோசார் என்று ஓர் அருவி உண்டு. எரிமலைக்குழம்பு அருவிகள் என்று பொருள். மற்ற அருவிகள் போல மேலேயிருந்து ஓர் ஆறு வந்து விழுவதில்லை. இறுகிய எரிமலைக்குழம்பின் பக்கச் சுவரிலிருந்து ஏறக்குறைய 900 மீற்றர் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான தாரைகளாகத் தண்ணீர் வெளியே வந்து கீழே ஓடும் ஆற்றில் விழுகிறது. நிலத்துக்குள் போன நீர் வெளிவரும் வாசல் அது.

எங்களுக்கு அந்த வாசல் கீரிமலை. பெயரில்தான் மலை. கடலுக்கு ஒரு கைப்பிடிச் சுவர் தூரத்தில், உப்புக் காற்று முகத்தில் அடிக்க, கேணியில் நன்னீர் ஊறுகிறது. வலிகாமத்துச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மாரி மழை கடலைத் தேடிப் போகும் வழியில் இங்கே எட்டிப் பார்க்கிறது. மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் மாறியது இங்கே என்பது ஐதீகம். ஆடி அமாவாசையில் தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்து நீராடுவதும் இங்கேதான். 1990 ஒக்டோபரில் நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன் பின் நீண்ட காலம் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயம். தகப்பனுக்குக் கடன் செய்யவும் அனுமதி வேண்டிய காலம் அது.

அப்பால் காங்கேசன்துறை. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் மூடப்பட்டது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் நீர் தேங்கிக் கிடக்கின்றன. அந்தத் தொழிற்சாலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது உண்மை. அதை மீண்டும் இயக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இங்கே சுண்ணக்கல் வெறும் கல் அல்ல, தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரம். பாத்திரத்தை வெட்டி விற்ற பிறகு தண்ணீரை எதில் வைப்பது?

வலிகாமம் வடக்கில் 1990 நடுப்பகுதியில் எழுந்து போனவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அந்த வேலிகளின் ஓரம் நிற்கும்போது ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் நினைவுக்கு வந்தது. 2023 நவம்பர் 10ஆம் திகதி இரவு நிலநடுக்கங்களுக்கிடையே அந்த மீன்பிடி ஊரிலிருந்து ஏறக்குறைய 3,800 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக்குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை எரித்தது. சில வாரங்களில் அரசாங்கம் அவர்களின் வீடுகளை விலைகொடுத்து வாங்கச் சட்டம் இயற்றியது. வீட்டை இழந்த வலி எங்கும் ஒன்றுதான். ஆனால் அங்கே நிலம் துரத்தியது, அரசு கணக்கெடுத்தது. இங்கே துரத்தியவரிடமே கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் கண்டதும் தூர்ந்த கிணறுகள்தான். மீள்குடியேற்றம் என்பது வீட்டுத்திட்டத்தோடு முடிவதில்லை. கிணற்றில் குடிக்கக்கூடிய நீர் வரும் வரை அது பாதி வேலை.

தொண்டைமானாறு

உள்வீதிகளால் அச்சுவேலிக்கு வந்து வடக்கே திரும்பினால் தொண்டைமானாறு. ஆறு என்று பெயர் இருந்தாலும் அது வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேரும் வாய். அங்கே உள்ள தடுப்பணையின் கதவுகள் ஒரு பெரிய கனவின் மிச்சம். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இதுதான்: ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடலிலிருந்து அடைத்து மாரி வெள்ளத்தால் நன்னீராக்குவது, அந்த நீரை முள்ளியானில் வெட்டும் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வாய்க்கால் மூலம் வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவருவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டு உவர் வராமல் தடுப்பது. பக்கத்தில் நன்னீர் நின்றால் கிணறுகளும் இனிக்கும்.

திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. போரில் ஆனையிறவு வேறு காரணத்துக்காக உலகுக்குத் தெரிந்தது. அதன் பிறகு குடாநாட்டுக்கு இரணைமடு நீரைக் கொண்டுவரும் திட்டம் வந்தது. தங்கள் வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களும் போரில் எல்லாம் இழந்தவர்கள். தமிழ் விவசாயியைத் தமிழ் விவசாயிக்கு எதிரே நிறுத்திய அந்த வாக்குவாதத்தின் காயம் இன்னும் உண்டு. முடிவில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வருவது பெரிய ஆறுதல். ஆனால் கடல்நீரை நன்னீராக்க நிறைய மின்சாரம் வேண்டும், அதற்கு விலை உண்டு. அது குடிப்பதற்கு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இனியும் கிணறுதான்.

அங்கிருந்து வல்லை வெளியால் திரும்பினேன். காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும் வெட்டவெளி. ஒரு பக்கம் கடல்நீரேரி, மறு பக்கம் உவர் நிலம். புத்தூர் கிழக்கில் வாதரவத்தைப் பக்கம் போனால் நன்னீர் வில்லை எங்கே மெலிந்து முடிகிறது என்பதை நாக்கே சொல்லும்.

யார் காப்பது?

ஐஸ்லாந்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் முண்டியடிக்கும் குல்ஃபோஸ் அருவி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் எடுக்க முதலீட்டாளர்களின் கைக்குப் போகவிருந்தது. பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த சிக்ரிதூர் தோமஸ்தோத்திர் என்ற பெண் ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்தார். தலைநகருக்கு நடந்தே போய் முறையிட்டார் என்று சொல்வார்கள். அவருக்காக வாதாடிய சட்டத்தரணி ஸ்வெய்ன் பியோர்ன்சன் பின்னாளில், 1944இல், நாட்டின் முதல் ஜனாதிபதியானார். 1979இல் அந்த அருவி இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அவருக்கு ஒரு வசதி இருந்தது. அழிந்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் அருவி கண்ணுக்குத் தெரியாது. யாழ் மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டில் இருந்தவர்கள் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஐஸ்லாந்தின் மொத்தச் சனத்தொகையோ 4 இலட்சத்தைச் சுற்றித்தான், நிலமோ இலங்கையை விடப் பெரியது. அவர்களுக்கு ஒரு ஊற்று கெட்டால் இன்னொன்று. எங்களுக்கு இந்த ஒரு வில்லைதான்.

செய்யக்கூடியவை சில ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மாரிக்கு முன் பசளை போடுவதைத் தவிர்த்து, தேவையான அளவைப் பிரித்துப் போடுவது. புதிதாகக் கட்டும் மலசலகூடத்துக்கு அடி மூடிய தொட்டி வைப்பது. துலாக் காலத்தில் போலக் கிணற்றின் அளவறிந்து இறைப்பது. குடாநாட்டில் குளங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவை மழைநீரைப் பிடித்துக் கீழே இறக்கும் வாய்கள். தூர்ந்தவற்றைத் தூர்வாருவதும், மண் போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்புவதை மறிப்பதும் பிரதேச சபைகள் செய்யக்கூடியது. கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதிப்பது. கூடாது என்று வந்தால் அந்த வீட்டுக்கு வேறு நீர் கிடைக்கச் செய்வது அதிகாரிகளின் பொறுப்பு. நீர்வேலியில் அந்த ஐயா கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவ விரும்புபவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கோயிலுக்குக் கோபுரம் கட்டுவது போலக் குளம் தூர்வாருவது படத்தில் அழகாக வராது. தண்ணீர் கீழே இறங்கிய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அடுத்த பங்குனி வெயிலில், இறைத்து முடிந்த கிணறு விடிவதற்குள் மறுபடி ஊறி நிற்கும்.